கல்லை உடைத்த அலை வலியைத் தணிக்குமா?

ஆண்களுக்கு வரும் ஒரு வலியை அளப்பதற்கென்றே 13 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆதரவில் உருவாகி 1999இல் வெளிவந்தது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலிக்கிறதா, விதைகளில் வலிக்கிறதா, குறியின் நுனியில், அடிவயிற்றில்? சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா? விந்து வெளியேறும்போதோ அதற்குப் பிறகோ வலிக்கிறதா? இப்படிப் போகும் படிவத்தின் கடைசிக் கேள்வி வேறு மாதிரியானது. போன வாரம் இருந்த அதே நிலையில்தான் மிச்ச வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மொத்த மதிப்பெண் 43. வலிக்கு 21, சிறுநீர்த் தொல்லைக்கு 10, வாழ்க்கைத் தரத்துக்கு 12. மதிப்பெண் ஏற ஏற நிலைமை மோசம் என்று பொருள்.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இந்த வலியைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால்தான் நோயாளியையே கேட்டு அளக்க வேண்டியிருக்கிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால் மருத்துவர்கள் இதை நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்று எழுதுகிறார்கள். பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில் நூறு ஆண்களில் இரண்டு முதல் பத்துப் பேர் வரை இத்தகைய தொல்லைகளைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் இதைப் பற்றி வெளியில் பேச்சே இல்லை. முதுகுவலியை அலுவலகத்தில் சொல்லிக்கொள்ளலாம். இதை மனைவியிடம் சொல்லவே பலருக்கு வாய் வராது. நம் பக்கத்தில் ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயத்தையும் இளநீரையும் குடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

இந்த வலிக்கு அதிர்வலை சிகிச்சை என்று ஒன்று பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்படுகிறது. சிறுநீரகக் கல்லை உடைக்கப் பிறந்த தொழில்நுட்பத்தின் தணிந்த வடிவம் அது. அதற்கான சான்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால், இந்த நோயின் பழைய வழக்கைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். குற்றவாளி யார் என்றே தெரியாமல் தண்டனை மட்டும் நடந்துகொண்டிருந்த வழக்கு அது.

பிடிபட்டது புராஸ்டேட் சுரப்பி. 1968இல் மீர்ஸ், ஸ்டேமி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு பரிசோதனை முறையை வகுத்தார்கள். சிறுநீரின் முதல் பகுதியையும் நடுப்பகுதியையும் தனித்தனியாகப் பிடித்து, ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியை அழுத்தி அதன் திரவத்தை எடுத்து, பிறகு வரும் சிறுநீரையும் நான்காவது குப்பியில் பிடித்து, எதில் கிருமி இருக்கிறது என்று பார்ப்பது. கிருமி இருந்தால் அது பாக்டீரியத் தொற்று. சிக்கல் என்னவென்றால், வலியோடு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் கிருமியே இல்லை. 1995இல் அமெரிக்க நிபுணர் குழு புராஸ்டேட் அழற்சியை நான்கு வகையாகப் பிரித்தபோது, கிருமியில்லாத இந்தக் கூட்டம் மூன்றாம் வகைக்குள் போயிற்று. தொல்லையோடு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த வகைதான்.

2003இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சங்கடமான செய்தியைச் சொன்னது. வலியுள்ள 463 ஆண்களையும் வலியே இல்லாத 121 ஆண்களையும் ஒரே மாதிரி பரிசோதித்தார்கள். சுரப்பியில் நோய்க்கிருமி இருந்தது வலியுள்ளவர்களில் 8.0 சதவீதம், வலியில்லாதவர்களில் 8.3 சதவீதம். கிருமியைக் கண்டாலும் அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்ல முடியாது என்றாகிவிட்டது. அப்படியும் ஆன்டிபயாடிக் மாத்திரைச் சீட்டு எழுதுவது நிற்கவில்லை. 2004இல் வந்த ஆய்வில் 196 பேருக்கு ஆறு வாரம் சிப்ரோபிளாக்சசின், டாம்சுலோசின் மருந்துகளைத் தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட எதுவும் மேலாக இல்லை. 2008இல் 272 பேரிடம் அல்புசோசின் என்ற மருந்தைச் சோதித்தார்கள். படிவத்தில் குறைந்தது நான்கு மதிப்பெண் இறங்கினால் குணம் தெரிகிறது என்று வைத்துக்கொண்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் குணம் தெரிந்தது 49.3 சதவீதம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 49.3 சதவீதம்.

இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நோயில் ஒன்றுமே இல்லாத மாத்திரையைக் கொடுத்தாலும் பாதிப் பேர் தேறுகிறார்கள். எந்தப் புதிய சிகிச்சையும் ஓட வேண்டிய பந்தயம் இதுதான்.

இனி அலைக்கு வருவோம். ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம் விமானம் கட்டிவந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் உலோகம் ஏன் குழிவிழுகிறது என்று ஆராயப்போய், அதிர்வலை திடப்பொருளுக்குள் எப்படிப் பயணிக்கிறது என்பது அவர்களுக்குப் பிடிபட்டது. அதையே மருத்துவத்துக்குத் திருப்பினார்கள். 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசியின் குழு, கத்தி வைக்காமல் ஒரு மனிதரின் சிறுநீரகக் கல்லை முதல்முறையாக உடைத்தது. நோயாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, தண்ணீர் வழியாக அலையை உடம்புக்குள் அனுப்பினார்கள். கொஞ்ச காலத்தில் தொட்டி போய் ஜெல் வந்தது. தமிழ்நாட்டு ஊர்களில் ‘கல்லை மெஷின் வச்சு உடைக்கிறது’ என்று இன்று சொல்வது இதன் வாரிசைத்தான்.

அதிர்வலை என்பது, சில நானோ விநாடிகளுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் எகிறி, உடனே சரிந்து, சற்று நேரம் எதிர்மறையாகிப் பிறகு அடங்கும் ஒற்றைத் துடிப்பு. கல்லில் பட்டால் கல் நொறுங்கும். ஆற்றலைக் குறைத்துத் தசையிலும் எலும்பிலும் விட்டால் நடப்பது வேறு. 1991இல் பல்கேரிய மருத்துவர்கள் இருவர், சேராமல் கிடந்த எலும்பு முறிவுகள் இந்த அலை பட்டுச் சேர்ந்ததாக எழுதினார்கள். பிறகு தோள், முழங்கை, குதிகால் என்று பரவிற்று. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குதிகால் வலிக்கு இத்தகைய கருவி ஒன்றை அனுமதித்தது.

அலை ஏன் வலியைத் தணிக்க வேண்டும்? விளக்கங்கள் பல உண்டு, ஆனால் எதுவும் முடிந்த முடிவு இல்லை. ரத்தநாளங்களை வளரச் செய்யும் புரதங்களும் நைட்ரிக் ஆக்சைடும் அந்த இடத்தில் கூடுவதை விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். விடாமல் இறுகிக் கிடக்கும் தசையின் விறைப்பு தளர்கிறது என்கிறார்கள் சிலர். வலி நரம்பு ஓயாமல் அனுப்பும் செய்தியை அலை குலைக்கிறது என்று இன்னும் சிலர். நம் விஷயத்துக்கு இரண்டாவது விளக்கம்தான் முக்கியம். சுரப்பி நிரபராதி என்றால், அதைத் தாங்கியிருக்கும் இடுப்புத்தளத் தசைகள் சந்தேக வளையத்துக்குள் வருகின்றன. சிறுநீரையும் மலத்தையும் அடக்கி வைக்கும் அந்தத் தசைகள் வருடக்கணக்கில் தளராமல் இறுகிக் கிடந்தால் வலிக்கத்தான் செய்யும். விரலால் அழுத்திப் பார்த்தால் பல நோயாளிகளுக்குச் சுரப்பியைவிடத் தசையில்தான் வலி தெரிகிறது.

இந்தச் சிந்தனையின் பின்புலத்தில் வந்ததுதான் சிம்மர்மன் என்ற மருத்துவர் தலைமையிலான ஆய்வு. அவருடைய குழு முதலில் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் சிறிய அளவில் செய்து பார்த்தது. பிறகு 2009இல், இந்தத் துறையில் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வை வெளியிட்டது. 60 ஆண்கள். பாதிப் பேருக்கு உண்மையான அலை, பாதிப் பேருக்குப் பொய் அலை. வாரம் ஒருமுறையாக நான்கு வாரம்.

சிகிச்சை நடந்த விதம் இது. நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். விதைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால் உள்ள இடத்தில் ஜெல் தடவி, கருவியின் தலையை வைத்து அழுத்துவார்கள். ஒரு விநாடிக்கு மூன்று துடிப்பு, ஒவ்வொரு முறையும் 3000 துடிப்பு. ஆற்றல் அடர்த்தி சதுர மில்லிமீட்டருக்கு 0.25 மில்லிஜூல். ஒவ்வொரு 500 துடிப்புக்கும் கருவியின் தலையைச் சற்று நகர்த்தி, சுரப்பியும் இடுப்புத்தளமும் ஏறக்குறைய முழுவதும் அலைபடும்படி பார்த்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டால் பதினேழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மயக்க மருந்து வேண்டாம், படுக்கையில் சேர வேண்டாம், எழுந்து வீட்டுக்குப் போகலாம். பொய்ச் சிகிச்சைக்கு அதே கருவி, அதே சத்தம். ஆனால் கருவியின் தலைக்கும் தோலுக்கும் நடுவில் வைக்கும் பட்டையில் அலையை உறிஞ்சும் பொருளும் காற்றுப் படலமும் இருக்கும். அலை காற்றைத் தாண்டாது என்பதால் சத்தம் மட்டும் வரும், அலை உள்ளே போகாது.

ஒன்று, நான்கு, பன்னிரண்டு வாரங்கள் கழித்துப் பார்த்தார்கள். உண்மையான அலை பெற்ற குழு வலியிலும், சிறுநீர் கழிப்பதிலும், வாழ்க்கைத் தரத்திலும் மற்ற குழுவைவிடத் தெளிவாகத் தேறியிருந்தது. பக்கவிளைவு சொல்லும்படி இல்லை. பொய் அலை பெற்றவர்களின் நிலை தொடர்ந்து மோசமாகிக்கொண்டே போயிருந்தது.

இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. ஒரு வருடம் முன்புதான் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் தேறியதைப் பார்த்தோம். சாதாரண மாத்திரையைவிட, ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துப் படுக்க வைத்து, டக் டக் என்று சத்தம் போடும் இயந்திரத்தை உடம்பில் வைப்பது நம்பிக்கையை இன்னும் கூடுதலாகத் தூண்ட வேண்டும். இந்த ஆய்வில் மட்டும் பொய்ச் சிகிச்சை பெற்றவர்கள் ஏன் சரிந்தார்கள்? ஒரு சாத்தியம், அவர்கள் நோய் முற்றியவர்களாக இருந்திருக்கலாம். இன்னொன்று எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. உண்மையான அலை பட்டால் உள்ளே சுருக்கென்று தைக்கும், அதிரும். காற்றுப் படலத்துக்குக் கீழே படுத்திருப்பவருக்குச் சத்தம் கேட்கும், எதுவும் தைக்காது. நான்கு வாரம் வந்துபோன பிறகு தனக்குக் கிடைத்தது எது என்று ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம். ஏமாந்தோம் என்று ஊகித்தவர் படிவத்தில் நல்ல மதிப்பெண் போட மாட்டார். வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில் அலைக்குப் பங்கு எவ்வளவு, அந்த மனக்கசப்புக்குப் பங்கு எவ்வளவு என்று அந்த எண்களைக் கொண்டு பிரிக்க வழியில்லை. இதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் கல்வெட்டு மாதிரி அதைத் தூக்கிக்காட்டுகிற விளம்பரத் தாள்களை நம்பவும் முடியாது.

அடுத்த கேள்வி காலம். சிம்மர்மன் ஆய்வு பன்னிரண்டு வாரத்தோடு நின்றது. இந்த வலி வருடக்கணக்கில் இருப்பது. ஈரானின் இஸ்பஹானில் ஒரு குழு 40 பேரிடம் இதே முறையில் நான்கு வாரம் சிகிச்சை செய்து 2013இல் வெளியிட்டது. குறுகிய காலப் பலன் அங்கும் தெரிந்தது. அடுத்த ஆண்டு அதே நகரத்திலிருந்து நீண்டகாலக் கணக்கு வந்தது. 16, 20, 24 வாரங்களில் பார்த்தபோது உண்மை அலைக்கும் பொய் அலைக்கும் நடுவே நிலைத்த வித்தியாசத்தைக் காட்ட முடியவில்லை. அதை எழுதியவர்களே நீண்டகாலப் பலனைத் தங்கள் ஆய்வு ஆதரிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். சொந்தச் சிகிச்சையைப் பற்றி இப்படி எழுதுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். கிளினிக் விளம்பரங்களில் இந்த இரண்டாவது கட்டுரை மட்டும் எப்படியோ விடுபட்டுப்போகும்.

2018இல் காக்ரேன் அமைப்பு, மருந்தில்லாத சிகிச்சைகள் அனைத்தையும் தொகுத்து ஆராய்ந்தது. மொத்தம் 38 ஆய்வுகள், 3290 ஆண்கள். இதில் அதிர்வலைக்கு மூன்று ஆய்வுகள், 157 பேர். அலை பெற்றவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிடச் சராசரியாக 6.18 குறைந்திருந்தது. குறுகிய காலத்துக்கு இந்தச் சான்று தரமானது என்றும், அதற்குப் பிறகு பலன் நிலைக்காமல் போகலாம் என்றும் தொகுப்பு சொன்னது.

6.18 என்றால் பெரிதா, சிறிதா? அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. நோயாளி தானாகவே ‘எனக்குப் பரவாயில்லை’ என்று சொல்வதற்கு மதிப்பெண் எவ்வளவு இறங்க வேண்டும் என்று 2006இல் ஆராய்ந்தபோது கிடைத்த விடை ஆறு. சராசரிப் பலன் அந்தக் கோட்டை இலேசாகத் தொடுகிறது, அவ்வளவுதான். 43இல் 30 மதிப்பெண்ணோடு வந்த ஒருவர் 24க்கு இறங்குவார். அவருக்கு அது பெரிய விஷயம். சினிமாவில் மூன்று மணி நேரம் உட்கார முடியாதவர் ஒன்றரை மணி நேரம் உட்காரலாம். ஆனால் வலி போய்விட்டது என்று அதைச் சொல்ல முடியாது. அதே தொகுப்பில் அக்குபங்சரும் ஏறக்குறைய இதே அளவு, 5.79, குறைத்திருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று தோலுக்கு வெளியிலிருந்து, மற்றது ஊசியால்; இரண்டும் நரம்பையும் தசையையும் தூண்டுகிற வேலைதான். இரண்டிலும் ஒருவர் அக்கறையோடு பக்கத்தில் உட்கார்ந்து வாராவாரம் உடம்பைத் தொடுகிறார். வருடக்கணக்காக யாரும் நம்பாத வலியோடு அலைந்தவருக்கு அதன் எடை என்ன என்பதை எந்த ஆய்வும் தனியாக நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கையால் தசையைத் தளர்த்தும் பிசியோதெரபியும் இதோடு ஒட்டிய கதைதான். அமெரிக்காவில் 2009இல் ஆண்களும் பெண்களுமாக 47 பேரிடம் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. இடுப்புத்தளத்தின் வலிப்புள்ளிகளைத் தேடி அழுத்தித் தளர்த்தும் சிகிச்சையில் 57 சதவீதம் பேர் தேறினார்கள். உடம்பு முழுவதும் சாதாரண மசாஜ் செய்தவர்களில் 21 சதவீதம். ஆனால் ஆண்களை மட்டும் பிரித்தால், சாதாரண மசாஜிலேயே 40 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மறுபடியும் கிட்டத்தட்ட அதே பாதி. இந்த நோயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பாதி எதிரே வந்து நிற்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் குவிய அலையைப் பற்றியது. உடம்புக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் ஆற்றல் கூடும்படி செய்வது அது. சந்தையில் ‘ஷாக்வேவ்’ என்ற பெயரில் கிடைப்பவற்றில் பலவும் இது இல்லை. அழுத்திய காற்றால் ஒரு சிறிய உலோகத் துண்டைக் குழாய்க்குள் ஓடவிட்டு, அது முனையில் மோதும் அதிர்ச்சியைத் தோலுக்குக் கடத்தும் கருவிகள் அவை. அதில் அழுத்தம் எழ எடுக்கும் நேரம் ஆயிரம் மடங்கு போல அதிகம், உச்ச அழுத்தமும் மிகக் குறைவு. ஆற்றல் தோலில்தான் அதிகம், உள்ளே போகப் போகச் சிதறும். தோலுக்கு அருகில் இருக்கும் குதிகாலுக்கு இது போதலாம். சில சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் சுரப்பிக்குச் சிம்மர்மன் ஆய்வின் எண்களைச் சொல்லி இந்தக் கருவியை வைப்பது, ஒரு மருந்தின் ஆய்வைக் காட்டி வேறு மருந்தை விற்பது. ஒரு கிளினிக்கில் விசாரிக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் கருவி குவிய அலையா, காற்றழுத்தமா?

சந்தை எப்படி முந்திக்கொள்கிறது என்பதற்குப் பக்கத்துத் துறையே சாட்சி. 2010இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் வார்டி என்ற மருத்துவர், மெல்லிய அதிர்வலை ஆண்குறி விறைப்புக் குறைவுக்கு உதவுவதாகச் சிறிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் ஊர் ஊராகக் கிளினிக்குகள் முளைத்தன. வட அமெரிக்கப் பாலியல் மருத்துவச் சங்கமே, இது ஆய்வுகளுக்குள் மட்டும் நடக்க வேண்டியது, அன்றாட சிகிச்சையாக விற்கக் கூடாது என்று அறிக்கை விடும் நிலை வந்தது. வலிக்கும் விறைப்புக்கும் ஒரே இயந்திரத்தை வைத்துக்கொண்டு, இதற்கு வந்தவரை அதற்கும் இழுப்பது இந்த வியாபாரத்தில் சுலபம். வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறவர் பேரம் பேச மாட்டார், முடிந்த பிறகு புகாரும் கொடுக்க மாட்டார்.

இயந்திரத்துக்கு முன்னால் நடக்க வேண்டியது பலவும் சாதாரணமானது, விலை குறைந்தது. காய்ச்சலோ சிறுநீரில் ரத்தமோ இருந்தால் அது வேறு விஷயம், உடனே பார்க்க வேண்டும். சிறுநீரில் தொற்று இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். வயதைப் பொறுத்து புராஸ்டேட் புற்றுநோய் இல்லை என்று பார்க்க வேண்டும்; புற்றுக்கட்டியின் மேல் அலை விடுவதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது ஆகாது. பிறகு விரலால் தசையைத் தொட்டுப் பார்ப்பது. 2009இல் ஷோஸ்கஸும் நிக்கலும் ஒரு முறையைச் சொன்னார்கள். சிறுநீர்த் தொல்லை, மனச்சோர்வு, சுரப்பி, தொற்று, நரம்பு, தசை என்று ஆறு வாசல்களில் எது இந்த மனிதருக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப சிகிச்சையைக் கோக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்பதைவிட இது நியாயமாகப் படுகிறது. அலைக்கு இடம் இருந்தால் அது தசை வலிக்கிற, தொற்று இல்லாத, மற்ற வழிகளைப் பார்த்துவிட்ட மனிதரிடம்தான். அதுவும் மூன்று மாதப் பலனுக்கு மேல் வாக்குக் கொடுக்காமல்.

அத்தகைய மனிதர்களை மட்டும் தேர்ந்தெடுத்த பெரிய ஆய்வுதான் இனி வேண்டியது. பல மருத்துவமனைகளில், ஒரு வருடம் வரை பின்தொடர்ந்து, தனக்குக் கிடைத்தது உண்மையா பொய்யா என்று நோயாளிகள் ஊகித்தார்களா என்பதையும் கேட்டு, திரும்பத் திரும்பச் செய்தால் பலன் நீள்கிறதா என்று பார்க்கும் ஆய்வு. அதற்குப் பணம் போடுவது யார் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. மாத்திரை என்றால் பலன் நிரூபிக்காமல் விற்பனைக்கு வராது, அதனால் கம்பெனி ஆய்வுக்குச் செலவழிக்கும். இது குதிகால் வலிக்கு ஏற்கெனவே அனுமதி பெற்று, ஏற்கெனவே அறையில் நிற்கும் இயந்திரம். அதன் தலையை வேறு இடத்தில் வைக்கக் கூடுதலாக யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.